ஞாயிற்றுக்கிழமை முகம்

தம்பி,

நீ அனுப்பிய மூன்றாவது டப்பாவும் வந்து சேர்ந்தது. நீ இருக்கும் நாட்டிலிருந்து லீவில் பரந்தனுக்கு வந்திருக்கும் உன் கூட்டாளியின் தமக்கை புதன்கிழமை மத்தியானம் கொண்டுவந்து தந்தாள். மூடியைச் சுற்றி நீ ஒட்டியிருந்த பிளாஸ்ரர் பிரியவில்லை. உள்ளே ஷியா வெண்ணெய், மஞ்சள் கலந்த வெள்ளையாய், கரண்டியால் அழுத்தி அடைத்தபடி அப்படியே இருந்தது. மூடியின் மேல் நீ பேனையால் எழுதியிருந்ததையும் வாசித்தேன். ‘அம்மாவின்ர முகத்துக்கு. கெதியா வாறன்.’ இந்தக் கடிதம் அந்த இரண்டு வசனங்களையும் பற்றியது.

முக்கியமான விசயத்தை முதலில் எழுது, மற்றதைப் பிறகு எழுது என்று எத்தனையோ இளம் நிருபர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அதனால் முதலில் அதை எழுதுகிறேன். அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. போன வருடம் சித்திரையில் இருந்து கிழமைக்கு இரண்டு தரம் வைத்தியசாலையில் இயந்திரத்தில் போட்டு அவளுடைய இரத்தத்தைச் சுத்திகரித்து வந்தார்கள். இந்தச் செவ்வாய்க்கிழமையோடு அதை நிறுத்திவிட்டார்கள். இருதயம் இனித் தாங்காது என்று வைத்தியர் சொன்னார். எவ்வளவு காலம் என்று கேட்டேன். கிழமைக் கணக்கு என்றார். இதில் எதையும் நாங்கள் உனக்குச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ போனில் பார்த்தது, உனக்கென்று நாங்கள் தயாரித்து வைத்த முகம்.

இதை உன்னிடம் வாயால் சொல்ல இரண்டு தரம் முயன்றேன். இரண்டு தரமும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எழுதும்போது எனக்குப் பொய் வராது, கதைக்கும்போது வரும் என்பதை இந்த வயதில்தான் கண்டுகொண்டேன். இந்தத் தாள்களைப் படம் எடுத்துச் சனிக்கிழமை காலை உனக்கு அனுப்புவேன். பிறகு, பெயர்கள் இல்லாமல், அச்சுக்குக் கொடுப்பேன். கொடுக்கச் சொன்னவள் அம்மா. ஞாயிற்றுக்கிழமைக்கென்று வேறொரு முகம் வைத்திருக்கும் வீடுகள் இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிய இன்னும் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகளும் தூரத்தில்தான் இருக்கிறார்கள்.

உனக்கு நான் ஒரு வாக்குத் தந்திருந்தேன். உன் உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது பெரியப்பா இறந்தார். நீ கிளிநொச்சியில் கூட்டாளி வீட்டில் தங்கியிருந்து சோதனை எழுதிக்கொண்டிருந்தாய். எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். சோதனை முடியும்வரை பிள்ளைக்குச் சொல்வதில்லை என்று முடிவெடுத்து, சொந்தக்காரர் எல்லோருக்கும் அறிவித்து, உன் கூட்டாளியின் தாயிடமும் சத்தியம் வாங்கினோம். கடைசிப் பாடம் எழுதிவிட்டு நீ முரசுமோட்டை வீட்டுக்குச் சைக்கிளில் வந்தாய். விறாந்தையில் பெரியப்பாவின் படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைத்திருந்தது. நீ அழவில்லை. சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, “எப்ப?” என்று மட்டும் கேட்டாய்.

“போன வியாழன்,” என்றேன்.

“போன வியாழன் நான் உங்களோட கதைச்சனான். பெரியப்பா எப்பிடி எண்டு கேட்டனான். நித்திரை எண்டு சொன்னனீங்கள்.”

“இனி எனக்கு ஒண்டையும் ஒளிக்காதேங்கோ அப்பா,” என்று நீ சொன்னாய். நான் ஓம் என்றேன். அன்றைக்கு உன் முகத்தில் இருந்தது துக்கத்தைவிடப் பெரிய ஒன்று. நீ கேட்ட கேள்விக்குப் பொய்யான பதில் வாங்கி, அதை நம்பிக்கொண்டு ஒரு கிழமை சிரித்துத் திரிந்திருக்கிறாய் என்ற வெட்கம் அது. அதை நான் மறக்கவில்லை. மறக்காமலே திரும்பவும் செய்தேன்.

தொடக்கம் செருப்பில் இருந்தது. போன வருடத்துக்கு முந்திய வருடம் வைகாசியில் வவுனியாப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய், அங்கே பரவியிருந்த சிறுநீரக நோயைப் பற்றி மூன்று நாள் தங்கி எழுதினேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்விகளைக் கேட்டேன். கால் வீங்கத் தொடங்கினது எப்போது, தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள், சாப்பாடு எப்போதிலிருந்து பிடிக்கவில்லை. அந்தப் பெண்கள் காலை நீட்டிக் காட்டினார்கள். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. அதையும் எழுதினேன். வீட்டுக்குத் திரும்பி வந்தபோது அம்மா வாசல் படலையடியில் புதுச் செருப்போடு நின்றாள். பழையது மழையில் நனைந்து சுருங்கிவிட்டது, அதுதான் ஓர் அளவு பெரிதாக வாங்கினேன் என்றாள். றப்பர் செருப்பு சுருங்காது. எனக்கு அது தெரியும். கேட்டுவிட்டு உள்ளே போய்க் கட்டுரையைத் திருத்தினேன். அவளுடைய காலை நான் குனிந்து பார்க்க இன்னும் இரண்டு மாதம் எடுத்தது. நோய்க்குக் காரணம் தண்ணீரா, வேறொன்றா என்று ஒருவரும் உறுதியாகச் சொல்லவில்லை. அதனால் நானும் அதைச் சொல்லப்போவதில்லை. நான் சொல்லக்கூடியது, கட்டுரை வெளிவந்த அன்று அவள் அதை வாசித்துவிட்டு மடித்து அலுமாரிக்குள் வைத்தாள் என்பதை மட்டும்தான்.

கலியாணம் செய்தபிறகு உன் மனைவியின் காலை இடைக்கிடை பார். இந்தக் கடிதத்தில் நான் உனக்குச் சொல்லும் புத்திமதி ஏறக்குறைய அவ்வளவுதான்.

பிறகு அரிப்புத் தொடங்கியது. இந்த நோயில் தோல் வறண்டு, இருண்டு, சாம்பல் தட்டியதுபோல் ஆகும். சொறிந்தால் நிற்காது. அம்மா சீப்பால் முதுகைச் சொறிவாள், கதிரையின் விளிம்பில் தேய்ப்பாள், நித்திரையிலும் கை போய்க்கொண்டே இருக்கும். முகத்தில்தான் அதிகம். கன்னத்தில் நகம் பட்ட கோடுகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பார்த்துவிட்டாய். என்ன அது என்று கேட்டாய். “சோளகக் காத்து தம்பி. தோல் காயுது,” என்று அம்மா சொன்னாள். அது ஐப்பசி. தென்மேற்கிலிருந்து வறண்டு அடிக்கும் சோளகம் எப்போதோ அடங்கி மழை தொடங்கியிருந்தது. நீ ஊரைவிட்டுப் பத்து வருடத்துக்கு மேல். எந்த மாதம் எந்தக் காற்று என்பது உனக்கு மறந்துபோயிருந்தது. அதை அவள் எதிர்பார்த்துத்தான் சொன்னாள்.

நீ அப்போதுதான் உன்னோடு உணவகத்தில் கோப்பை கழுவும் மாலி நாட்டுக்காரனைப் பற்றிச் சொன்னாய். சவர்க்காரத் தண்ணீரில் வெடித்திருந்த உன் கைகளைப் பார்த்து அவன் தன்னுடைய பையிலிருந்து ஷியா வெண்ணெயை எடுத்துத் தேய்த்துவிட்டான் என்றும், அவனுடைய ஊரில் பெண்கள் அந்த மரத்தின் விதையை வறுத்து, அரைத்து, கையால் கடைந்து எடுப்பார்கள் என்றும், பிறந்த பிள்ளைக்கும் அதுதான், கிழவருக்கும் அதுதான் என்றும் சொன்னாய். கார்த்திகையில் முதல் டப்பா வந்தது. அம்மா திறந்து மணந்து பார்த்துவிட்டு, “இது எங்கட இலுப்பெண்ணெய் எல்லோ,” என்றாள். நான் தேடிப் பார்த்தேன். சரிதான். ஷியாவும் இலுப்பையும், எங்கள் காட்டுப் பாலை மரமும் ஒரே குடும்பம். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவள் மூக்கால் கண்டுபிடித்தாள். நான் ஒரு மணித்தியாலம் வாசித்துக் கண்டுபிடித்தேன்.

அதைப் பூசும் விதம் எங்களுக்குத் தெரியவில்லை. கல்லுப்போல் இருந்த வெண்ணெயை நான் சட்டியில் போட்டு அடுப்பில் நேராக வைத்துக் காய்ச்சினேன். ஆறியபிறகு அது குருணல் குருணலாய் உறைந்தது. முகத்தில் தேய்த்தால் மணல் தேய்ப்பதுபோல் இருந்தது. போதாததற்கு, எங்கேயோ கேட்ட ஞாபகத்தில் புளித் தேசிக்காய்ச் சாறும் விட்டிருந்தேன். அம்மா எரிகிறது என்று துடித்தாள். றோட்டடியில் மணப்பெண் அலங்காரம் செய்யும் தர்சினியை உனக்குத் தெரியும், உனக்கு நான்கு வகுப்பு இளையவள். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“தேசிக்காயோ?” என்றாள். “மாமா, மாமியின்ர முகமென்ன மீன் குழம்போ?”

அம்மா அவ்வளவு எரிச்சலிலும் சிரித்தாள். “பேப்பரிலை எழுதிறவருக்கு எல்லாம் தெரியும் பிள்ளை. நீ ஒண்டும் சொல்லிக்குடுக்காதை.”

தர்சினி சொல்லிக்கொடுத்தாள். நான் குறிப்புப் புத்தகத்தை எடுத்து வழமைபோல எழுதிக்கொண்டேன். அந்தப் பக்கம் இப்போதும் இருக்கிறது. உனக்கும் உதவும், கேள். முகத்துக்குச் சவர்க்காரம் போடக்கூடாது. பயறை அரைத்து, மெல்லிய சீலைத்துணியில் அரித்து எடுத்த மாவை, கொதிக்கவைத்து ஆறிய இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்துக் கழுவ வேண்டும். மா கரடாக இருந்தால் தோலைக் கிழிக்கும். துவாயால் துடைக்கக்கூடாது. பழைய பருத்திச் சாரத்துண்டை முகத்தில் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் முழுவதும் காயமுன்னரே பூச வேண்டும். காய்ந்த தோலில் பூசினால் காய்ந்த தோலுக்கு மேல் எண்ணெய், அவ்வளவுதான். வெண்ணெயை அடுப்பில் நேராக வைக்காமல், கிண்ணத்தில் போட்டுச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி உருக்க வேண்டும். மூன்று பங்கு வெண்ணெய்க்கு ஒரு பங்கு தேங்காய் எண்ணெய் விட்டு, உடனே குளிர்ந்த தண்ணீருக்குள் கிண்ணத்தை வைத்துக் கிளறினால் குருணல் விழாது. ஒரு தரத்துக்கு நகத்தளவு போதும். அதை இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்து, கையின் சூட்டில் கரைந்தபிறகு, தேய்க்காமல் முகத்தில் வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். முதல் நாள் காதுக்குப் பின்னால் கொஞ்சம் பூசி ஒரு நாள் பார்க்க வேண்டும். “ஆனா மாமா, இது வெள்ளையாக்கிற சாமான் இல்லை. அதையும் எழுதுங்கோ,” என்றாள். எழுதினேன். பிறகு கிளினிக்கில் தாதியிடமும் கேட்டேன். புண் இல்லாத இடத்தில் பூசலாம், நோய்க்கு ஒன்றும் செய்யாது என்றாள். அதையும் எழுதினேன். எல்லாவற்றையும் சரியாகத்தான் எழுதினேன்.

அது தன்னால் முடிந்ததைச் செய்தது என்பதை நீ அறிய வேண்டும். ஒரு மாதத்தில் கன்னத்துக் கோடுகள் மறைந்தன. வாயின் இரண்டு பக்கமும் இருந்த வெடிப்புகள் ஆறின. அரிப்பு முழுவதும் நிற்கவில்லை, ஆனால் அம்மா தொடர்ந்து மூன்று மணித்தியாலம் நித்திரை கொண்டாள். காலையிலும் பின்னேரமும் நான்தான் பூசினேன். முப்பத்தெட்டு வருடம் ஒன்றாக வாழ்ந்தும் அவளுடைய முகத்தை நான் இரண்டு கையாலும் தொட்டதில்லை என்பது முதல் நாள்தான் எனக்குத் தெரிந்தது. எங்கே எலும்பு, எங்கே பள்ளம் என்று கை அறியாமல் தடுமாறியது. எங்கள் கலியாணத்துக்கு என் தாய் வரவில்லை. நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து, குளத்தின் கீழ் அரசாங்கம் கொடுத்த வயற்காணிக்கு வந்த ஆட்கள், அவள் மலைநாட்டில் இருந்து கலவரத்துக்குத் தப்பி வந்த தேயிலைத் தோட்டக் குடும்பத்துப் பெண். பெட்டை கறுப்பு, தோட்டக்காட்டு முகம் என்று என் தாய் சொன்ன சொல் அவளுடைய காதுக்கும் போயிருந்தது. கலியாணத்தன்று யாரோ பவுடர் டப்பாவை நீட்டியபோது வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். உள்ள முகத்தோடுதான் மணவறையில் இருந்தாள். அதை நினைத்துத்தான் போலிருக்கிறது, ஒருநாள் நான் பூசிக்கொண்டிருக்கும்போது கண்ணை மூடியபடி சொன்னாள், “கலியாணத்துக்குப் பூசாத பூச்சை இப்ப பூசுறியள். ஆருக்குப் பொம்பிளை பார்க்கப் போறியள்?”

“உன்ர மோனுக்குக் காட்டத்தான்,” என்றேன். பகிடிக்குச் சொன்னதுதான். பிறகு அதுவே நடந்தது.

இந்த நோயில் உடம்பில் தண்ணீர் தேங்கும்போது முகம் வீங்கும். ஒட்டியிருந்த கன்னம் நிரம்பிவிடும். அதன்மேல் வெண்ணெய் பூசியபோது முகம் மினுங்கியது. அந்த மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்துவிட்டுச் சொன்னாய், “அம்மா உடம்பு வைச்சிட்டா. பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கிறா. பார்த்தியளே அப்பா, என்ர சாமான்ர வேலையை.”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். உன் குரலில் அவ்வளவு சந்தோசத்தை நாங்கள் பல வருடமாகக் கேட்டிருக்கவில்லை. வீக்கம் அது என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த நிமிடத்தில் அம்மா, “ஓம் தம்பி, நல்ல சாமான்,” என்றாள். அதற்குப் பிறகு அது ஒரு வேலையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்குக் கழுவிப் பூசுவேன். எந்தப் படம் எதைக் காட்டும், எதை மறைக்கும் என்பது என் தொழில். குசினி வாசலில் மேற்கு வெளிச்சம் பக்கவாட்டில் விழும் இடத்தில் கதிரையைப் போட்டேன். நேர் வெளிச்சம் கண்ணுக்குக் கீழே உள்ள கருமையைக் காட்டிக்கொடுக்கும். இயந்திரத்தில் போடத் தொடங்கியபிறகு இடது கையில் ஊசி ஏற்றும் இடம் புடைத்து நின்றது. அதைச் சீலைத் தலைப்பால் மூடினாள். போனைக் கால்கள் தெரியாத உயரத்தில் பிடித்தேன். நான்கு மணிக்கு நீ எடுப்பாய். நான்கு இருபதுக்கு வைப்பாய். வைத்தவுடன் அவளைத் தூக்கிக் கட்டிலில் விடுவேன். நான் எடுத்த படங்களில் பொய்யானது அது ஒன்றுதான். அதையே கிழமைக்கு ஒருமுறை எடுத்தேன்.

இனி நான் சொல்லப்போவதுதான் எனக்குக் கடினம். அந்த மார்கழிக்கு அடுத்த தை மாதம் நீ இந்தியாவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாய். அகதி என்று ஏற்றுக்கொண்டு தந்த பயணப் பத்திரத்தோடு நீ இலங்கைக்கு வர முடியாது. அதனால் இங்கே உள்ள எல்லாத் தாய் தகப்பனும் செய்வதுபோல நாங்கள் திருச்சிக்கு வந்து லொட்ஜில் ஒரு மாதம் உன்னோடு இருப்பது என்று பேச்சு. அம்மா கடவுச்சீட்டு எடுத்தாள். வைத்தியரிடம் கேட்டேன். இப்போது போகலாம், பிந்தினால் போக முடியாது என்று தெளிவாகச் சொன்னார். இயந்திரத்தில் போடத் தொடங்கினால் கிழமைக்கு இரண்டு நாள் அதிலிருந்து விலக முடியாது. அம்மா உனக்கென்று பருத்தித்துறை வடைக்குச் சாமான் சேர்த்துவிட்டாள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாய்.

“அப்பா, என்ர பிரஜாவுரிமைக்குக் குடுத்திருக்கிறன். ஒரு வருசம், ஒண்டரை வருசத்திலை வந்திடும். வந்தா நேரை வீட்டையே வரலாம். அம்மாவும் இப்ப நல்லாத்தானே இருக்கிறா. பேந்து ஏன் லொட்ஜிலை கிடப்பான்? என்ன சொல்லுறியள்?”

நீ என்னிடம்தான் கேட்டாய், அம்மாவிடம் கேட்கவில்லை. அம்மா பக்கத்தில் கதிரையில் மினுங்கும் முகத்தோடு இருந்தாள். அவள் கையால் வேண்டாம் என்று எனக்குச் சைகை காட்டினாள். எதை வேண்டாம் என்றாள் என்று நான் கேட்கவில்லை. நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். “உன்ர விருப்பம் தம்பி. அம்மா சுகமாத்தான் இருக்கிறா.” வைத்தியர் சொன்னது என் குறிப்புப் புத்தகத்தில், திகதி போட்டு, எனக்கு முன்னால் மேசையில் இருந்தது. சித்திரையில் இயந்திரத்தில் போடத் தொடங்கினார்கள். நீ பிந்தியது உன் பிழையில்லை. நீ பார்த்ததை நம்பினாய். பார்க்க வைத்தது நான். என்றைக்காவது நீ உன்னையே குற்றம் சொல்ல நினைத்தால் இந்தப் பந்தியை எடுத்துத் திரும்ப வாசி.

அதற்குப் பிறகு சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். தர்சினியும் கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பயற்றம் மா கொண்டுவந்தவள் நாங்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “மாமா, இது மாமிக்குச் சுகத்துக்கோ, அவருக்குப் படம் காட்டவோ?” என்றாள். நான் கோபித்தேன். உன் வேலையைப் பார் என்றேன். அவள் போய்விட்டாள், ஆனால் அடுத்த கிழமையும் மா அரித்துக் கொண்டுவந்தாள். சொல்லாததற்கு நாங்கள் ஒவ்வொரு மாதமும் ஒரு காரணம் வைத்திருந்தோம். தெரிந்தால் பத்திரத்தையும் பாராமல் ஓடிவந்துவிடுவாய், உன் பிரஜாவுரிமை விண்ணப்பம் பாழாகிவிடும் என்பது ஒன்று. கடைசியில் உண்மையான காரணம் வேறு. அந்த இருபது நிமிடமும் அவள் நோயாளி இல்லை. நீ அவளை நல்லாயிருக்கிறா என்று சொன்ன நாட்களின் இரவில் அவள் சோறு கேட்டுச் சாப்பிட்டாள். அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அது அவளுக்காக என்றுதான் நினைத்திருந்தேன். எனக்காகவும்தான்.

செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்பதையும் எழுதுகிறேன். கையில் ஊசி ஏற்றும் நரம்பு அடைத்துப்போய் இரண்டு மாதம். கழுத்தில் குழாய் வைத்திருந்தார்கள். நீ அதைக் காணவில்லை, ஏனென்றால் குளிர் என்று சொல்லிக் கழுத்தில் துவாய் சுற்றியிருந்தாள். இந்த வெயிலுக்குள் ஏன் துவாய் என்று நீ ஒருதரம் கேட்டாய். செவ்வாயன்று இயந்திரத்தில் போட்டு அரை மணித்தியாலத்தில் அவளுக்கு மூச்சு எடுக்க முடியவில்லை. நிறுத்தினார்கள். இளம் வைத்தியர், உன் வயதுதான் இருக்கும், என்னை வெளியே கூப்பிட்டு, “ஐயா, இனி மெஷின் தாங்காது. வீட்டை வைச்சு நல்லாப் பாருங்கோ,” என்றார். ஓட்டோவில் திரும்பி வந்தோம். றோட்டின் இரண்டு பக்கமும் சிறுபோக நெல் பச்சையாய் நின்றது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பரந்தன் தாண்டியபிறகு கேட்டாள்.

“என்னவாம்?”

“வீட்டை வைச்சுப் பார்க்கட்டாம்.”

“எனக்கு விளங்குது. நானென்ன சின்னப்பிள்ளையோ.” பிறகு, “ஞாயிற்றுக்கிழமை அவன் எடுப்பான்,” என்றாள்.

“பூசி இருத்திறன். நீ யோசிக்காதை.”

“இல்லை. இந்த முறை பூசாதேங்கோ.” மூச்சு வாங்கிச் சொன்னாள். “பேந்து என்ரை செத்த முகத்தைப் போனிலை காட்டுவியள். அப்ப அவன் எப்பிடி அம்மா எண்டு கண்டுபிடிப்பான்? அவனுக்குத் தெரிஞ்சது உங்கட பூச்சு முகம் எல்லோ.”

ஓட்டோக்காரன் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டுப் பாட்டை நிறுத்தினான். வீட்டுக்கு வந்து அவளைக் கட்டிலில் விட்டபிறகு, “எழுதுங்கோ. வாயாலை சொல்ல உங்களுக்கு வராது,” என்றாள். அதனால்தான் இது.

வராதே. இதை நான் தகப்பனாகவும் சொல்கிறேன், விசயங்களை விசாரித்தவனாகவும் சொல்கிறேன். பிரஜாவுரிமை இன்னும் வரவில்லை, அது இல்லாமல் நீ இங்கே வர முடியாது. அம்மா இனித் திருச்சிக்கு அல்ல, கிளிநொச்சிக்கும் போக முடியாது. எனக்குத் தெரிந்த இரண்டு பேரிடம் கேட்டேன், அவசரத்துக்கு ஏதாவது வழி உண்டா என்று. உண்டு, ஆனால் இந்தக் காலத்துக்குள் இல்லை என்றார்கள். நீ அவளை இனி நேரில் பார்க்கமாட்டாய். இதை மெல்லச் சொல்ல ஒரு சொல் இருந்தால் போட்டிருப்பேன். நாலாவது டப்பா அனுப்பாதே. இதுவே மிஞ்சும்.

முகம் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், திடுக்கிடாமல் இருக்க. மஞ்சளும் சாம்பலும் கலந்த நிறம். கண்ணைச் சுற்றி வீக்கம், வலது கண் பாதிதான் திறக்கும். உதடு வெடித்திருக்கும், ஒரு நாளைக்கு அரைப் போத்தல் தண்ணீருக்கு மேல் கொடுக்க முடியாது. கழுத்தில் குழாய் வைத்த இடத்தில் வெள்ளைத் துணி ஒட்டியிருக்கும். கதிரையில் இருக்கமாட்டாள், கட்டிலில்தான். வெளிச்சம் மேலே இருந்து நேராக விழும். நான் ஒன்றையும் மாற்றமாட்டேன். அவள் உன்னை அறிவாள். கதை தெளிவாகத்தான் வரும், ஆனால் இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்துவாள். நீ அதற்குள் புகுந்து கதைக்காதே. பொறுத்திரு.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு வழமைபோல எடு. முதலில் பார். அழுகை வந்தால் அழு, ஆனால் போனை வேறு பக்கம் திருப்பாதே. அவள் ஒரு முகத்தை ஒளித்து வைத்திருந்தாள், நீ இன்னொன்றை ஒளிக்க வேண்டாம். நான்கு இருபதுக்கு வைக்கவும் வேண்டாம். அரிப்பு இன்னும் இருக்கிறது, அது பொய்யில்லை. அதனால் பின்னேரப் பூச்சை நிறுத்த முடியாது. “அவன் வாங்கித் தந்தது. அவன் பார்க்கப் பூசுங்கோ,” என்று இன்று காலை அம்மா சொன்னாள். நீ இத்தனை நாள் பூசியபிறகுதான் பார்த்திருக்கிறாய். போனை அலுமாரியில் சாத்தி வைப்பேன், என் கை இரண்டும் தெரியும். தர்சினி அரித்த மாவால் கழுவுவேன். சாரத்துண்டால் ஒற்றுவேன். நீ மூடியில் எழுதிய இரண்டாவது வசனம் நடக்காது. முதலாவதை உன் முன்னால் செய்கிறேன். நெற்றி, கன்னம், கண்ணைச் சுற்றி மெதுவாய், வாயின் ஓரம். நகத்தளவுதான், அதிக நேரம் எடுக்காது. நான் முடிக்கும்வரை வைத்துவிடாதே.

அப்பா